பொட்டு வைத்த ஃப்ரீசர்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ரத்த வங்கியில் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். அசோக் நகரில் பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்து இறங்கும்போதே பாதிக் கோபம் ஏறியிருக்கும். மீதியை அங்கே இருப்பவர்கள் ஏற்றிவிடுவார்கள்.

இந்தக் கோபத்தால் உருப்படியாக எதையாவது காப்பாற்றியிருக்கிறேனா என்றால், எங்கள் ஃப்ரீசரைச் சொல்வேன். யாரையும் அதன் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. அந்த ஃப்ரீசரையே ஒரு ஆயுத பூஜை அன்று கோட்டைவிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஃப்ரீசர் என்றால் வீட்டில் ஐஸ்கிரீம் வைக்கிற சமாசாரம் இல்லை. மைனஸ் எண்பது டிகிரி. ரத்தத்திலிருந்து பிரித்த சிவப்பணுக்களைச் சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆறு வாரம் தாங்கும். அப்புறம் கொட்ட வேண்டியதுதான். மைனஸ் எண்பதில் உறைய வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். சும்மா உறைய வைத்தால் உள்ளே ஐஸ் ஊசி ஊசியாக வளர்ந்து அணுக்களைக் கிழித்துவிடும் என்பதால், கிளிசரினைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பையை ஆட்டிக்கொண்டே கலக்க வேண்டும். திரும்ப எடுத்து ஏற்றும்போது அந்தக் கிளிசரின் மொத்தத்தையும் கழுவி எடுக்க வேண்டும். இத்தனை பாடும் எல்லா ரத்தத்துக்கும் கிடையாது. தேடினாலும் கிடைக்காத வகை ரத்தத்துக்கு மட்டும்தான்.

அதை வாங்கிக் கொடுத்தவர் தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷர். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை, ஃப்ரீசர் கிழக்கே பார்த்து நிற்க வேண்டும். எங்கள் அறையில் கிழக்கே பார்த்து நிறுத்தினால் வயர் வாசல் பக்கம்தான் எட்டும். போகிற வருகிறவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் பிளக் பாயிண்ட் வந்துவிட்டது. நான் ஒரு அட்டையில் சிவப்பு மையால், ‘இந்தப் பிளக்கைத் தொட்டால் தொலைத்துவிடுவேன்’ என்று எழுதி அதற்கு மேலே ஒட்டினேன். எங்கள் ரத்த வங்கியின் டாக்டரம்மா படித்துவிட்டு, கொஞ்சம் மரியாதையாக எழுதக்கூடாதா என்றார். ‘தொலைத்துவிடுவேன்’ என்பதற்குப் பக்கத்தில் ‘தயவுசெய்து’ என்று சேர்த்தேன்.

ஒரு மாசி மாதம், கடலோரத்து ஊரூர் குப்பத்திலிருந்து ஒரு பெண் இரண்டு மாதக் கர்ப்பத்தோடு வந்தாள். ரத்தம் சோதித்தால் பாம்பே குரூப். பார்வைக்கு ஓ குரூப் மாதிரியே ஏமாற்றும், ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால்கூட உயிருக்கு ஆபத்து. அதே பாம்பே குரூப்தான் வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவம் சிசேரியன், அதிலேயே ரத்தம் நிறையப் போயிருக்கிறது. அன்று எப்படியோ ரத்தம் ஏற்றாமலே தப்பித்திருக்கிறாள். இந்த முறை இரண்டு பையாவது கையில் இல்லாமல் தியேட்டருக்குள் போக மாட்டேன் என்று பிரசவ டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வகை கூடப்பிறந்தவர்களுக்கு இருக்க வாய்ப்பு உண்டு.

“அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன்.

“ஒரு அக்கா கீறா. பேச மாட்டா” என்றாள்.

பேச வேண்டாம், ரத்தம் கொடுத்தால் போதும் என்று நானே குப்பத்துக்குப் போனேன். அக்கா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். குடைக்குக் கீழே பலகை, பலகைமேல் சங்கரா, வஞ்சிரம், ஓரமாகக் கொஞ்சம் நெத்திலி. தங்கச்சியைப் பற்றி என்று ஆரம்பித்ததுமே கத்தியைப் பலகையில் நட்டாள்.

“மீனு வாங்கறதுன்னா குந்து. அவ பேச்ச எடுத்தா எந்திரி.”

நான் அரைக் கிலோ சங்கராவுக்குச் சொல்லிவிட்டுக் குந்தினேன். செதில் எடுத்துக்கொண்டே சண்டையின் கதையைச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் கடை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அக்காவிடம் முந்தின நாள் மீன் இருந்திருக்கிறது. வாடிக்கைக்காரர்கள் முன்னால் தங்கச்சி, ‘எங்கக்காகிட்ட வாங்காதீங்க, அது ஐஸ் மீனு’ என்று சொல்லிவிட்டாள்.

“ஐஸ் மீனாமா! கூடப் பொறந்தவ சொல்ற பேச்சா அது? என் மானமே பூட்ச்சி.”

“அவ மாசமா இருக்கா. ரத்தம் கிடைக்காத குரூப்பு. உங்களுக்கும் அதே குரூப்பா இருக்கலாம். ரத்தம் இல்லன்னா பிரசவத்துல உசுருக்கே ஆபத்து.”

கத்தி நின்றது. பக்கத்திலிருந்த வாளியில் இரண்டு கையையும் முக்கி அலம்பினாள், புடவையில் துடைத்தாள், முழங்கை வரை நீட்டினாள்.

“எடு.”

“இங்கேயா? ஆஸ்பத்திரிக்கு வரணும்கா.”

“அப்ப எந்திரி, இன்னாத்துக்குக் குந்திகினு கீற?” என்றாள். அந்த அரைக் கிலோ சங்கரா எனக்கு வந்து சேரவே இல்லை.

அவளுக்கும் பாம்பே குரூப்தான். “நானு மெரினா தாண்டனதில்ல, எனக்கு எப்டி பாம்பே?” என்று ஒரு மூச்சு சண்டை பிடித்தாள். முதன்முதலில் அங்கே கண்டுபிடித்ததால் அந்தப் பேர் என்று சொல்லி அடக்கினேன். பங்குனியில் முதல் பை எடுத்தோம். பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு முறைதான் ரத்தம் கொடுக்கலாம். ஆடியில் இரண்டாவது பை எடுத்தோம். ஐப்பசியில் பிரசவம். அதுவரை உறைய வைக்கத்தான் வேண்டும். இதைச் சொன்னதும் வந்ததே ஆவேசம்!

“ஐஸ்ல வெக்கப் போறியா? முப்பது வருசமா கடலாண்ட குந்திகினு பிரெஷ்ஷு பிரெஷ்ஷுன்னு கத்திகினு கீறேன், என் ரத்தத்தப் போயி ஐஸ்ல வெப்பியா நீ? அவளுக்கு மட்டும் இது தெரிஞ்சுது... யாரு குடுத்ததுன்னு அவகிட்ட மூச்சு வுடக் கூடாது, சொல்ட்டேன்.”

சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்கப்புறம் வாரம் ஒரு தடவை வந்துவிடுவாள். இந்தப் பக்கம் வேலையாக வந்தேன் என்பாள், குப்பத்திலிருந்து மயிலாப்பூருக்கு அவளுக்கு என்ன வேலையோ. ஃப்ரீசர் முன்னால் நின்று, “நம்ம பை எப்டி கீது?” என்று கேட்பாள். நான் முகப்பில் ஒளிரும் எண்ணைக் காட்டி மைனஸ் எண்பது என்பேன். தலையை ஆட்டுவாள். கிளம்பும்போது வாசலில் நின்று, ஏதோ மறந்துபோன சாமானைக் கேட்கிற மாதிரி, “அந்த இன்னொரு பாம்பேக்காரி எப்டி கீறா?” என்பாள். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னால், “நான் ஒண்ணும் கேக்கல” என்பாள்.

புரட்டாசி வந்தது, ஆயுத பூஜையும் வந்தது. எங்கள் இடத்தில் ஆயுத பூஜை என்றால் மைக்ராஸ்கோப்பிலிருந்து ஸ்டேப்ளர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. காலையில் நானே எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஃப்ரீசர் பெரியது, அதனால் அதற்குப் பெரிய பொட்டாக, நல்ல கெட்டிச் சந்தனமாக, நடுவில் பளபளப்பாக இருந்த இடத்தில் அப்பினேன். எனக்கே அழகாகத் தெரிந்தது.

பத்தரைக்கு அண்ணாச்சி பொரி மூட்டை, சுண்டல், மாலையோடு வந்து இறங்கினார்.

“என்னம்மா இது, மொட்டையா நிக்கி? நம்ம கடையில தையல் மிசினுக்கே மூணு முழம் பூ வைக்கோம். இதுக்கு ஆறு முழமாவது வைக்கணும்லா?”

ஆறு முழத்தையும் ஃப்ரீசரின் கைப்பிடியிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சுற்றி அவரே கட்டினார். எங்கள் எலக்ட்ரீஷியன் ஸ்டூல் போட்டு ஏறிச் சீரியல் லைட்டைத் தொங்கவிட்டான். என் வயசுக்காரன், வேலையில் சூரன், பக்தியில் அதைவிடச் சூரன். என் சிவப்பு மை அட்டைக்கும் மூன்று இடத்தில் குங்குமம் வைத்துவிட்டான். ‘தொலைத்துவிடுவேன்’ இருந்த இடத்தில் ஒரு பொட்டு, மிச்சம் தெரிந்தது ‘தயவுசெய்து’ மட்டும்தான்.

பூஜை முடிந்து எல்லாரும் முன்னறைக்கு வந்து பொரி சாப்பிட்டோம். உள்ளே லைட் மினுக் மினுக் என்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் கீக் கீக் என்று ஒரு சத்தமும் வந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் எலக்ட்ரீஷியனைப் பார்த்து, “இந்த வருஷம் பாட்டு வர்ற செட்டா? நல்லாயிருக்கே” என்றேன். அவனும் பெருமையாகச் சிரித்தான்.

ஒன்றரை மணி வாக்கில் அக்கா வந்தாள். புரட்டாசியில் பாதி ஊர் மீன் சாப்பிடாது, வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பிக்கொண்டே வந்தாள். பொரிப் பொட்டலத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு நேரே ஃப்ரீசர் முன்னால் போய்க் கையைக் கூப்பினாள். கூப்பிய கையை இறக்காமல் திரும்பினாள்.

“இன்னாமா, பொட்டி மூச்சு வுடலயே?”

“என்ன?”

“ஐஸ் பொட்டின்னா உர்ருன்னு மொனகிகினு இருக்கும். இது கம்முனு கீது.”

ஓடிப் போய் ஃப்ரீசரில் காதை வைத்தேன். மோட்டார் ஓடுகிற சத்தமே இல்லை. கீக் கீக் என்று கத்தியது ஃப்ரீசரின் பேட்டரி அலாரம், இரண்டு மணி நேரத்துக்கு மேலாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த பாயிண்ட்டில் சீரியல் லைட் சொருகியிருந்தது.

அடுத்த ஐந்து நிமிஷம் நான் பேசியதை அச்சில் போட முடியாது. லைட்டைப் பிடுங்கி எறிந்து பிளக்கைச் சொருகினேன். எலக்ட்ரீஷியன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“பூஜ போட்ட மிஷினு நாளைக்கு வரைக்கும் ஓடக் கூடாது மேடம். வருசம் பூரா ஓடுது, ஒரு நாளு ரெஸ்ட் வேணாவா? நானே டெஸ்டரத் தொடல இன்னிக்கி.”

“டெஸ்டருக்குள்ள உசுராய்யா இருக்கு? அறிவில்ல உனக்கு? முகப்புல நம்பர் ஏறுதே, அதையாவது பார்த்தியா?”

“எப்டி மேடம் பாக்கறது? நீங்கதான அது மேல பொட்டு வெச்சீங்க.”

பார்த்தேன். நடுவில் பளபளப்பாக இருந்த அந்த இடம் எண் தெரியும் கண்ணாடி. இருபத்தாறு வருஷ அனுபவசாலி கெட்டிச் சந்தனத்தை அதன்மேல் அப்பி வைத்திருக்கிறேன். அலாரத்தின் சிவப்பு விளக்கு எரிந்தும் சாமந்தி மாலைக்குள் அது தெரியவில்லை. சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. நகத்தால் சுரண்டினேன், புடவைத் தலைப்பால் தேய்த்தேன். மைனஸ் அறுபத்தெட்டு. அறுபத்தைந்துக்கு மேல் ஏறினால் பையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நடுவில் மூன்றே மூன்று டிகிரி இருந்தது.

சுண்டல் தொன்னையோடு உள்ளே வந்த அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டு அரண்டுபோனார். அப்புறம் மெதுவாக, “கதவை ஒருத்தரும் தொறக்கலலா? மாலை கட்டியிருந்ததால்லா தொறக்கல? தொறந்திருந்தா எப்பவோ ஏறியிருக்கும்” என்றார். அவரையும் ஒரு பிடி பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னது நிஜம். பூஜை என்று அன்று காலையிலிருந்து யாரும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா மட்டும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு தபா எளகி மறுபடி ஐஸ்ல வெச்ச மீன நானு பூனைக்குக்கூடப் போட மாட்டேன்” என்றாள்.

“இது இளகலக்கா. அறுபத்தெட்டு.”

“நீ உள்ள பூந்து பாத்தியா?”

அணு உடைந்திருக்கிறதா இல்லையா என்பது உருக்கிக் கழுவும்போதுதான் தெரியும். உருக்கிக் கழுவிய ரத்தத்தை ஒரு நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்பதால் முன்கூட்டிச் சோதிக்கவும் வழியில்லை. அக்கா எழுந்து கையை நீட்டினாள்.

“இன்னொரு பை எடுத்துக்க.”

ஆடியில் கொடுத்தவள். நாலு மாதம் ஆகவில்லை, பரிசோதித்தால் உடம்பில் ரத்தமும் குறைவு. டாக்டரம்மா முடியவே முடியாது என்றார். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், கையைக் கீழே இறக்கவே இல்லை. என் கையால் அந்தக் கையை மடக்கிவிட வேண்டியிருந்தது. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. எனக்கு அப்படி ஒரு அவமானம், என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம்.

டாக்டரம்மா வேறு ஊர்களுக்கெல்லாம் போன் செய்து பார்த்தார். ஒரு பைகூட அகப்படவில்லை.

இரண்டரை வாரம் கழித்து ஆபரேஷன். விடிந்ததும் போய் இரண்டு பைகளையும் எடுத்து வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உருக்கினேன். முதல் பையைக் கழுவும் மெஷினில் மாட்டினேன். உப்புக் கரைசலை விட்டு விட்டு அலசும். அலசிய தண்ணீர் ஒரு குழாய் வழியாக வெளியே வரும். அணுக்கள் முழுசாக இருந்தால் கடைசியில் அது தெளிந்துவிடும், உடைந்திருந்தால் சிவப்பாகவே வந்துகொண்டிருக்கும். அக்கா லேப் வாசலில் நின்று கண்ணாடி வழியாகக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தண்ணீர் சிவப்பாக வந்தது. எப்போதும் அப்படித்தான் வரும். ஆனால் அதை அவளிடம் சொல்லிவைக்க மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. படிக்கட்டில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது அலசலிலும் சிவப்புதான். மூன்றாவதில் ரோஸ் மில்க் குடித்த டம்ளரை அலசிய தண்ணீர் மாதிரி வந்தது. அப்புறம் அதுவும் வெளுத்தது. கடைசியில் குழாய்க்குப் பின்னால் ஒட்டியிருந்த எழுத்தைப் படிக்கிற அளவுக்குத் தெளிந்தது. நான் போட்ட கூச்சலில் டாக்டரம்மாவே ஓடி வந்தார். அளந்து பார்த்துச் சரி என்றார். அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பையைக் காட்டினேன். செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் குனிந்து பார்த்தாள்.

“செவப்பாத்தான் கீது” என்றாள்.

இரண்டாவது பையும் தேறியது. நல்லவேளை, ஏனென்றால் தியேட்டரில் டாக்டர் பயந்தபடியே ஆயிற்று. ரத்தம் நிற்கவில்லை, இரண்டு பையும் ஏறியது. பெண் குழந்தை. மத்தியானம் மூன்று மணிக்குத் தாயும் ஆபத்தைத் தாண்டிவிட்டாள் என்று சொன்னார்கள். ஊசி போட்ட இடத்தில் ஏதாவது தடிப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள்.

“யாரு ரத்தம்மா?”

“அதெல்லாம் சொல்லக் கூடாது.”

“வாராவாரம் மீனு கூடைய வுட்டுட்டு மயிலாப்பூருக்கு ஐஸ் பொட்டியப் பாக்கப் போறவ யாருன்னு குப்பத்துக்கே தெரியும்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “வெளிய குந்திகினு கீறாளா? போயி சொல்லு. கடசில எங்கக்கா எனக்கும் ஐஸுதான் குடுத்தான்னு சொல்லு.”

வெளியே அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று தவிப்பு. சத்தியம் நான் மீறவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள் என்று முதலில் என்னைக் காப்பாற்றிக்கொண்டு, அப்புறம் அப்படியே ஒப்பித்தேன். அக்கா எழுந்து நின்றாள்.

“அப்டியா சொன்னா? அதே வாயாலயா?”

“அதே வாயாலதான்.”

“அப்ப பொழச்சிக்கினா” என்றாள். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, மூக்கையும் கண்ணையும் தலைப்பால் சேர்த்து மூடிக்கொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். நானும்தான் அழுதேன். அப்புறம் முகத்தை அழுத்தித் துடைத்து, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு விடுவிடுவென்று வார்டுக்குள் போனாள்.

“யாரப் பாத்துடி ஐஸுன்ற?”

“உன்னத்தான். உடம்பெல்லாம் குளிருது, பாரு” என்றாள் தங்கச்சி, அவள் உட்காரக் காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே.

அக்கா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள். தங்கச்சி படுத்தபடி பதிலுக்குத் திட்டினாள். குழந்தை அழுதது. நர்ஸ் என்னைப் பார்த்து, “நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மேடம்? உங்க சத்தத்துக்குத்தான் இங்க எல்லாரும் பயப்படுவாங்க” என்றாள். மூன்று வருஷம் போடாமல் வைத்திருந்த சண்டை, போட்டு முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.